முதுகுல தண்ணி எடுக்கலாமா?

இளையரசனேந்தல் எந்த மாவட்டம் என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் வராது. முன்பு சங்கரன்கோவில் வட்டம், திருநெல்வேலி மாவட்டம். பிறகு பட்டா, சிட்டா எல்லாம் கோவில்பட்டி வட்டத்துக்குப் போய்த் தூத்துக்குடி மாவட்டம் ஆயிற்று. ஊராட்சி ஒன்றியம் மட்டும் குருவிகுளத்தோடு நின்றுவிட்டது. அது இப்போது தென்காசி மாவட்டம். இதைச் சரிசெய்யச் சொல்லி மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்த குறுவட்டம் இது.

உடம்புக்கு முடியவில்லை என்றால் மட்டும் இந்தக் குழப்பம் கிடையாது. பக்கத்தில் கோவில்பட்டி அரசு மருத்துவமனை. அங்கே ஆகாது என்றால் திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. 108-இல் ஏற்றிவிட்டால் ஆம்புலன்ஸ் மாவட்ட எல்லை பார்ப்பதில்லை.

இவ்வளவு தூரம் வந்துவிடுகிற குடும்பம் வார்டு வாசலில் ஓரிடத்தில் நின்றுவிடும். பையனுக்குப் பத்து நாளாகக் காய்ச்சல், விடாத தலைவலி, இரண்டு முறை வாந்தி. இன்று காலையிலிருந்து அம்மாவையே அடையாளம் தெரியாத மாதிரி பார்க்கிறான். டாக்டர் கழுத்தைத் தூக்கிப் பார்க்கிறார், அது விறைத்திருக்கிறது. முதுகில் ஊசி போட்டுக் கொஞ்சம் தண்ணி எடுத்துப் பார்க்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். உடனே வெளியே கூட்டம் கூடுகிறது. பெரியப்பா, தாய்மாமன், போனில் திருப்பூரிலிருந்து அண்ணன். "அது மட்டும் வேண்டாம்யா. முதுகுல தண்ணி எடுத்தா கை கால் விளங்காமப் போயிரும். நம்ம ஊர்லயே ரெண்டு பேருக்கு அப்படி ஆயிருக்கு."

இந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணால் பார்த்ததிலிருந்து பிறந்த பயம் இது. காரணமும் விளைவும் மட்டும் இடம் மாறிவிட்டன. யாருக்கு முதுகுத் தண்ணி எடுப்பார்கள்? மூளைக் காய்ச்சல் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு, காலிலிருந்து மேல்நோக்கி மரத்துக்கொண்டே வருகிறவர்களுக்கு, நினைவு தப்பிக்கொண்டிருக்கிறவர்களுக்கு. அவர்களில் சிலர் எந்தப் பரிசோதனை செய்தாலும் செய்யாவிட்டாலும் படுக்கையில் விழுந்திருப்பார்கள். ஊர் அந்த நோயைப் பார்க்கவில்லை. ஊசி போட்டதைப் பார்த்தது, மறுநாள் கால் விழுந்ததையும் பார்த்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டது.

ஆஸ்பத்திரிகளின் பங்கும் இதில் இருக்கிறது. நெரிசலான வார்டில் ஒரு தாளை நீட்டி, "சைன் பண்ணுங்க, இல்லேன்னா நாங்க பொறுப்பில்ல" என்று சொன்னால் எந்தத் தாய்மாமன்தான் பேனாவைத் தொடுவான்? ஊசி எங்கே குத்தும், எவ்வளவு எடுப்பார்கள், எடுத்தது திரும்ப ஊறுமா என்று யாராவது ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொன்னால் பாதிப் பேர் சம்மதித்துவிடுவார்கள்.

ஊசி போகிற இடம்

மூளைத் தண்டுவடத் திரவம் என்று பாடப்புத்தகம் சொல்வதைத்தான் நம் பக்கத்தில் முதுகுத் தண்ணி என்கிறோம். உண்மையில் அது மூளையின் தண்ணீர். மூளைக்குள் இருக்கும் அறைகளில், ரத்தக் குழாய்ப் பின்னல் ஒன்றிலிருந்து ஊறி, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி வந்து, மறுபடி ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு எந்த நேரமும் ஏறத்தாழ 150 மில்லி இருக்கும். ஒரு நாளில் ஊறுவதோ சுமார் 500 மில்லி. அதாவது பழையது போய்ப் புதியது வருவது தினமும் மூன்று முறைக்கு மேல் நடக்கிறது. ஒன்றரைக் கிலோ மூளை இந்தத் தண்ணீரில் மிதப்பதால் அதன் பாரம் 50 கிராம் அளவுக்குத்தான் அழுத்துகிறது.

பரிசோதனைக்கு எடுப்பது பெரும்பாலும் 10 மில்லி அல்லது அதற்குச் சற்றுக் கூடக் குறைய. மணிக்கு 20 மில்லி ஊறுகிற இடத்தில் அது அரைமணி நேரக் கணக்கு. "உள்ள இருக்கிற சத்தெல்லாம் உறிஞ்சிட்டாக" என்கிற வருத்தத்துக்கு இடமே இல்லை.

சரி, தண்டுவடத்தில் குத்திவிட்டால்? இதுதான் ஆதாரமான பயம். தண்டுவடம் முதுகெலும்பு முடியும்வரை போவதில்லை. பெரியவர்களுக்கு இடுப்புப் பகுதியின் முதல் எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போகிற இடம் அதற்குக் கீழே, மூன்றாவது நான்காவது எலும்புகளுக்கு நடுவிலோ அதற்கும் அடுத்த இடைவெளியிலோ. இடுப்பெலும்பின் இரண்டு மேல்விளிம்புகளையும் கையால் தடவிப் பார்த்து, குறுக்கே ஒரு கோடு மனதில் போட்டு, மருத்துவர் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறார். பச்சைக் குழந்தைகளுக்குத் தண்டுவடம் இன்னும் கொஞ்சம் கீழே வரை இருக்கும் என்பதால் அவர்களுக்கு இன்னும் கீழே குத்துவார்கள். அந்த உயரத்தில் உள்ளே இருப்பது நரம்புக் கற்றைதான். தண்ணியான பாயசத்தில் கரண்டியை விட்டால் சேமியா எப்படி விலகிக்கொடுக்குமோ அப்படி ஊசி நுனிக்கு அந்த நரம்புகள் விலகிக்கொடுக்கும். எப்போதாவது ஒன்று உரசினால் காலில் சுரீர் என்று மின்னும். ஊசியைச் சற்றுத் திருப்பினால் போய்விடும்.

இதே இடத்தில், இதே தண்ணீருக்குள், இதே மாதிரி ஊசியை நம் வீட்டுப் பெண்களில் எத்தனையோ பேர் வாங்கியிருக்கிறார்கள். சிசேரியனுக்கு முதுகில் போடும் மயக்க ஊசி அதுதான். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற அக்காமாரைக் கேட்டுப் பாருங்கள், "அன்னைக்குப் போட்ட ஊசிதான், இன்னைக்கும் இடுப்பு வலிக்கு" என்பார்கள். கர்ப்பமும் தூக்கமில்லாத இரவுகளும் குனிந்து நிமிர்கிற வேலையும் தருகிற வலிக்கு ஊசி பேர் வாங்கிக்கொள்கிறது. வலி இருந்தாலும் எல்லாரும் நடந்துதான் வேலைக்கு வருகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

உண்மையாகவே வரக்கூடிய தொந்தரவு தலைவலி. எழுந்து உட்கார்ந்தால் வலிக்கும், படுத்தால் விட்டுவிடும். குத்திய ஓட்டை வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கசிவதுதான் காரணம். இதை முதலில் பட்டுத் தெரிந்துகொண்டவர்களில் ஒருவர் ஆகஸ்ட் பியர் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர். முதுகில் மருந்து செலுத்தி மரத்துப்போகச் செய்யும் முறையை அவர்தான் 1898-இல் கீல் நகரத்தில் தொடங்கினார். அதைத் தன் உடம்பிலேயே பார்த்துவிட நினைத்து உதவியாளரை ஊசி போடச் சொன்னார். ஊசிக்கும் சிரிஞ்சுக்கும் பொருந்தவில்லை. தண்ணீர் கணிசமாக வழிந்துவிட்டது. பிறகு உதவியாளருக்கு இவர் போட்டு, மரத்துவிட்டதா என்று முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பில் இரும்புச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். இரவு இருவரும் மதுவும் சுருட்டுமாகக் கொண்டாடினார்கள். அதன்பின் பியர் எழுந்தால் தலைவலி என்று ஒன்பது நாள் படுத்துக் கிடந்தார்.

இப்போது ஊசி மெலிந்துவிட்டது. நுனி கூராக வெட்டாமல் நாரை விலக்கிக்கொண்டு போகிற ஊசிகளும் வந்துவிட்டன. நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் வந்த கணக்கு ஒன்றில், பழைய மாதிரி ஊசியில் 100-க்கு 11 பேருக்கு வந்த தலைவலி, புதிய ஊசியில் 4 பேருக்குத்தான் வந்தது. அரசு மருத்துவமனைகள் எல்லாம் இந்த ஊசிக்கு மாறினால் ஊர்ப்பேச்சில் பாதி தானாகக் குறையும்.

தண்ணீரைப் படிக்கிற விதம்

முதுகில் குத்தி இந்தத் தண்ணீரை எடுப்பதை ஒரு முறையாக ஆக்கியவர் அதே கீல் நகரத்தில் இருந்த ஹைன்ரிக் குவிங்கே, ஆண்டு 1891. லண்டனில் எசெக்ஸ் விண்டர் என்பவரும் அதே ஆண்டில், காசநோய் மூளைக்குப் பரவிய நால்வருக்குச் செய்ததை எழுதினார். இருவரும் நோயைக் கண்டுபிடிக்க நினைத்துத் தொடங்கவில்லை; தலைக்குள் ஏறிய அழுத்தத்தை இறக்க நினைத்தார்கள். வெளியே வந்த தண்ணீர் ஒருவருக்குத் தெளிவாகவும் இன்னொருவருக்குக் கலங்கலாகவும் இருந்தது. அங்கிருந்துதான் அதைப் படிக்கும் கலை வளர்ந்தது.

நல்ல தண்ணீர் பளிங்காக இருக்கும். அதில் சர்க்கரை, ரத்தத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு. புரதம் டெசிலிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டாது. வெள்ளை அணுக்கள் ஐந்துக்குள். சீழ் பிடிக்கும் பாக்டீரியா புகுந்தால் தண்ணீர் கலங்கி, அணுக்கள் ஆயிரக்கணக்கில் ஏறி, சர்க்கரை விழுந்துவிடும். வைரஸ் என்றால் அணுக்கள் ஏறும், சர்க்கரை பெரும்பாலும் அப்படியே நிற்கும். காசநோய் என்றால் அணுக்களும் புரதமும் ஏறி, சர்க்கரை ரத்தத்தில் பாதிக்கும் கீழே இறங்கும்; குழாயை அசையாமல் வைத்தால் சிலந்தி வலை மாதிரி ஒரு படலம் மிதக்கும். எச்.ஐ.வி. உள்ளவர்களைத் தாக்கும் ஒரு பூஞ்சைக்கு நெடுங்காலம் பயன்பட்டது வெறும் கறுப்பு மை: ஒரு சொட்டு மையைக் கலந்து நுண்ணோக்கியில் வைத்தால் இருட்டில் வெள்ளை வளையங்களாகப் பூஞ்சை தெரியும். அந்த மைக்கு 'இந்தியா இங்க்' என்று பெயர்.

வைரஸ் விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிப் பக்கம் உண்டு. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் இந்தியாவில் மனிதர்களிடம் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-இல், வேலூரில். வட ஆற்காடு மாவட்டத்துக் குழந்தைகள் காய்ச்சலும் வலிப்புமாக வந்துகொண்டிருந்தார்கள். அந்த நாளில் அதை உறுதிசெய்வதே பெரும்பாடு. இன்று முதுகுத் தண்ணியில் ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்பொருளைத் தேடுகிறார்கள். அதற்கான சோதனைப் பெட்டியைப் புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம் தயாரிக்கிறது. ரத்தத்தில் அது இருந்தால் உடம்பில் எங்கோ தொற்று என்றுதான் சொல்ல முடியும். முதுகுத் தண்ணியில் இருந்தால் மூளைக்குள்ளேயே போர் நடக்கிறது என்று அர்த்தம். காய்ச்சல் தொடங்கிய முதல் ஓரிரு நாளில் எடுத்தால் தெரியாமலும் போகலாம் என்பதால், "நேத்துதானே எடுத்தீங்க, இன்னைக்கும் எடுக்கணுமா" என்று சண்டை போடாமல் இருப்பது நல்லது. ஹெர்பீஸ் வைரஸுக்கும் அப்படித்தான். முதல் சோதனை தப்பவிட்டதை இரண்டாவது பிடித்த கதை நரம்பியல் வார்டுகளில் சாதாரணம். சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஏழு பேரைக் கொல்லும் நோய் அது. அதற்கு அசைக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது.

கரிசல்காட்டில் நெல் வயலும் தேங்கிய நீரும் குறைவு. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பரப்பும் கொசுவுக்கு அது தோதான இடமில்லை. இங்கே நான் அதிகம் பயப்படுவது காசநோய்க்கு.

மூன்று வாரத் தலைவலி

காசநோய்க் கிருமி மூளை உறையில் குடியேறும்போது தடபுடல் எதுவும் செய்யாது. இரண்டு மூன்று வாரம் சின்னக் காய்ச்சல், சாயங்காலத் தலைவலி, சோற்றில் வெறுப்பு. குழந்தையாக இருந்தால் சிணுங்கல், விளையாடாமல் ஒரு மூலையில் உட்காருவது. கண் பார்வைக் கோளாறோ என்று கண்ணாடிக் கடைக்குப் போவார்கள். கோயிலில் திருநீறு போடுவார்கள். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்குவார்கள். அப்புறம் ஒரு நாள் மாறுகண்ணோ வலிப்போ வரும்.

சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடியே காசநோய்க்கு மருந்து சாப்பிடலாம் என்று உலகத்துக்கு நிரூபித்துக் காட்டிய இடம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையோடு சேர்ந்து மூளைக் காசநோய்க்கும் மருந்துக் கூட்டுகளைச் சோதித்தார்கள். 1986-இல் முடிவுகள் வெளிவந்தன. எந்தக் கட்டத்தில் குழந்தை வந்து சேர்ந்தது என்பதோடு அதன் உயிர் அழுத்தமாகப் பிணைந்திருந்தது. நினைவோடு வந்த குழந்தைக்கும் நினைவு தப்பி வந்த குழந்தைக்கும் இடையில் இருப்பது சில நாட்கள்தான். வார்டு வாசலில் தாய்மாமனும் பெரியப்பாவும் பேசித் தீர்க்க எடுத்துக்கொள்கிற நாட்களும் அவற்றில் அடக்கம்.

தண்ணீரில் கிருமி கொஞ்சமாகத்தான் இருக்கும். நுண்ணோக்கியில் பெரும்பாலும் சிக்காது. வளர்த்துப் பார்க்க வாரங்கள் ஆகும். அதனால்தான் டாக்டர் இந்த நோய்க்கு ஆறு மில்லிக்குக் குறையாமல் எடுக்கப் பார்ப்பார். அளவு கூடினால் கிருமி சிக்கும் வாய்ப்பும் கூடும். சளிக்குச் செய்கிற அதே மரபணுப் பரிசோதனை, முதுகுத் தண்ணியிலும் சில மணி நேரத்தில் விடை தருகிறது. ஆனால் 'இல்லை' என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. சர்க்கரை, புரதம், அணு எண்ணிக்கை, ஸ்கேன், வீட்டில் யாருக்காவது காசம் இருந்ததா என்ற கேள்வி, எல்லாவற்றையும் கூட்டித்தான் மருந்தைத் தொடங்குவார்கள்.

இங்கே பி.சி.ஜி. பற்றி ஒரு வார்த்தை. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கி லட்சக்கணக்கானவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசத்தை இந்த ஊசி தடுக்கவில்லை என்று சொல்லி உலகத்தை அதிரவைத்தது. ஆனால் குழந்தைகளின் மூளைக் காசநோயிலிருந்து அது காப்பாற்றுகிறது. பிறந்ததும் இடது தோளில் போடும் அந்த ஊசியின் தழும்புக்கு இதுதான் நியாயம். 2011 டிசம்பரில் ஐந்து நோய்களுக்கான தடுப்பூசியை நாட்டிலேயே முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும். குழந்தைகளுக்குச் சீழ்மூளைக் காய்ச்சல் தருகிற ஒரு முக்கியமான பாக்டீரியாவும் அந்த ஐந்தில் ஒன்று.

நாமே அழிக்கிற தடயம்

நம் ஊர்களில் பரிசோதனையைக் கெடுப்பது சம்மதம் தராதது மட்டுமில்லை. காய்ச்சல் என்றால் முதலில் பக்கத்து கிளினிக்கில் ஓர் ஊசி. அடுத்த நாள் இன்னொன்று. அது ஆன்டிபயாடிக் என்றால், சில வகைக் கிருமிகள் இரண்டு முதல் நான்கு மணி நேரத்திலேயே முதுகுத் தண்ணியில் வளராமல் போய்விடும். நோய் இருக்கும், கிருமியின் பெயர் தெரியாது. அணுவும் புரதமும் குழம்பி நிற்கும். பாதி ஆறிய சீழ்மூளைக் காய்ச்சலா, தொடங்குகிற காசநோயா என்று பிரித்துச் சொல்வது பழகிய நரம்பியல் நிபுணருக்கே கஷ்டம். கவலைக்கிடமான நோயாளிக்கு மருந்தை முதலில் போட வேண்டியதுதான், தண்ணி எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. ஆனால் என்ன போட்டார்கள் என்ற சீட்டை, சீட்டு இல்லாவிட்டால் மாத்திரை அட்டையையாவது கையோடு கொண்டுபோக வேண்டும். "ஏதோ மஞ்ச மாத்திரை" என்பது ஹைகிரவுண்டில் யாருக்கும் உதவாது.

இன்னொரு பக்கம், தண்ணீர் ஒன்றே எல்லாம் சொல்லிவிடாது. ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல் தமிழ்நாட்டில் பரவலாக இருக்கிறது. புதரிலும் வரப்பிலும் இருக்கிற மிகச்சிறு பூச்சி கடித்து வருவது. அது மூளை உறையைத் தாக்கினால் முதுகுத் தண்ணி காசநோயைப் போலவே தோற்றம் காட்டக்கூடும். அப்போது விடை தண்ணீரில் இருக்காது. அக்குளிலோ அரைஞாண் கயிற்றடியிலோ வலிக்காத ஒரு கறுத்த பொருக்காக இருக்கலாம். ஆளைக் கவிழ்த்துப் போட்டு உடம்பு முழுக்கத் தேடிய டாக்டர், ஒன்பது பன்னிரண்டு மாதக் காசநோய் மருந்துக்குப் பதில் மலிவான டாக்சிசைக்ளினில் குணப்படுத்திவிடுவார்.

செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் சில ஆண்டுகளாகப் பீதி கிளப்பும் அமீபா மூளைக் காய்ச்சல், நேரத்தின் அருமையைச் சொல்கிறது. எடுத்த தண்ணீரைக் குளிரூட்டாமல் உடனே ஒரு சொட்டுக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் நெளிகிற அமீபாவைக் கண்ணாலேயே பார்க்கலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சாவு என்று எழுதிவைத்த நோயிலிருந்து 2024-இல் கோழிக்கோட்டில் ஒரு சிறுவன் மீண்டான். சந்தேகம் சீக்கிரம் வந்ததும், மருந்து சீக்கிரம் தொடங்கியதும்தான் காரணம்.

மூளைக் காய்ச்சலைத் தாண்டியும் இந்தத் தண்ணிக்கு வேலை உண்டு. 2025 ஜனவரியில் புனேயில் பரவிய கியான்–பாரே நோயில் கால் மரத்து, கை மரத்து, மூச்சு வரை போகும். அதில் புரதம் மட்டும் ஏறி அணு ஏறாமல் நிற்கும். 1916-இல் இரண்டு பிரெஞ்சுப் படைவீரர்களிடம் கண்டு எழுதிய அடையாளம் இது. முதல் வாரத்தில் அதுவும் தெரியாமல் போகலாம் என்பதால், நல்ல மருத்துவர் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் நோயாளியின் காலைத் தட்டிப் பார்த்தே முடிவெடுப்பார்.

யார் வேண்டாம் என்று சொல்லலாம்

பயத்தில் ஒரு துளி உண்மை இருப்பதையும் மறைக்கக் கூடாது. மூளையில் பெரிய கட்டியோ சீழ்க்கட்டியோ இருந்து உள்ளழுத்தம் ஏறியிருக்கும்போது கீழே தண்ணீரை இறக்கினால், மூளை கீழ்நோக்கி நகர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் முதலில் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறார்கள். சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன். டெங்குவில் பிளேட்லெட் இறங்கியவர்களுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகளுக்கும், குத்தும் இடத்தில் புண் இருப்பவர்களுக்கும் தள்ளிப்போடுவார்கள். கையெழுத்துப் போடும் முன் குடும்பம் கேட்க வேண்டியது இதைத்தான்: கண் பார்த்தாச்சா, பிளேட்லெட் எவ்வளவு, ரத்தச் சர்க்கரை கூடவே எடுக்கிறீங்களா? கடைசிக் கேள்வி அவசியம். ரத்தச் சர்க்கரை தெரியாமல் தண்ணீரின் சர்க்கரைக்குப் பொருளே இல்லை. எடுத்த குழாய் மேசையில் கிடக்காமல் ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்விட்டதா என்று போய்ப் பார்ப்பதும் சித்தப்பாக்கள் செய்யக்கூடிய நல்ல வேலை. நேரம் ஆக ஆக அணுக்கள் சிதைந்துவிடும்.

வயதானவர்களுக்கு வருவோம். அறுபது எழுபது தாண்டிய தாத்தா காலைத் தூக்கிவைக்க முடியாமல் தரையில் ஒட்டின மாதிரி இழுத்து இழுத்து நடக்கிறார். வேட்டியிலேயே சிறுநீர் போய்விடுகிறது. பேச்சில் மறதி. "வயசாயிருச்சு" என்று திண்ணையில் உட்கார வைத்துவிடுகிறோம். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், மூளை அறைகளில் தண்ணீர் தேங்கிய நோயாக இருக்கலாம். கொலம்பியாவின் சாலமோன் ஹக்கீம் 1965-இல் இதை விவரித்தார். அதைச் சோதிக்கிற வழி எளிமையானது. முதலில் தாத்தாவை நடக்கவிட்டு நேரம் பார்க்கிறார்கள். முதுகிலிருந்து 30 முதல் 50 மில்லி தண்ணீர் எடுக்கிறார்கள். சில மணி நேரம் கழித்தும் மறுநாளும் மறுபடி நடக்கவிடுகிறார்கள். நடை நன்றாகத் தேறினால், தண்ணீரை வயிற்றுக்கு வடிய வைக்கும் குழாய் ஒன்றைப் பொருத்தலாம். மறதி நோய்களில் சரிசெய்யக்கூடியவை குறைவு. இது அவற்றில் ஒன்று. அல்சைமருக்கு முதுகுத் தண்ணியில் தேடிய புரதங்களை ரத்தத்திலேயே தேடும் பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் இந்தத் தாத்தாவுக்கு ரத்தம் உதவாது. அவரை நடக்கவிட்டு, தண்ணி எடுத்து, மறுபடி நடக்கவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.